அணிலும் துப்பாக்கியும்

நம்முடைய நாட்டில் அணிலை அடிக்கிறவனை யாரும் நல்லவன் என்று சொல்லமாட்டார்கள். தோட்டத்து மாமரத்தில் பழுத்த பழங்களில் பாதியை அது கடித்துப் போட்டாலும், "போகிறது, பிள்ளை தின்றுவிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிடுவதுதான் நம் வீட்டுப் பாட்டிமார் வழக்கம். பிள்ளை என்றே அதற்குப் பெயர். கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்று சில ஜீவன்களுக்கு மட்டும் நம் முன்னோர்கள் அந்த உறவைக் கொடுத்து வைத்தார்கள். போதாக்குறைக்குச் சேதுபந்தனக் கதை வேறு இருக்கிறது. ஈர உடம்போடு மணலில் புரண்டு, அந்த மணலைக் கொண்டுவந்து உதறிய தொண்டை மெச்சி ஸ்ரீராமன் தடவிக் கொடுத்த விரல் அடையாளந்தான் முதுகிலுள்ள மூன்று கோடு என்பதைப் பால் குடிக்கும் குழந்தையும் அறியும். இத்தகைய பிராணியைத் துப்பாக்கியால் சுடுவது, பொறி வைத்துப் பிடித்துக் கொல்லுவது என்றால் நமக்குக் காதைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும்.

ஆனால் இங்கிலாந்தில் இந்தக் காரியத்தை இன்று செய்துகொண்டிருப்பவர்களில் பலர் கசாப்புக்காரர்கள் அல்லர். வேட்டைப் பைத்தியம் பிடித்தவர்களும் அல்லர். மிருகங்களிடத்தில் பிரியம் உள்ளவர்கள். ஓய்வு பெற்ற உபாத்தியாயர்களும், தோட்டம் வைத்துப் பாதுகாக்கும் மூதாட்டிகளும் அவர்களில் உண்டு. ஓர் அணிலைக் காப்பாற்றுவதற்காக இன்னோர் அணிலைக் கொல்லுகிறோம் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். இது என்ன தர்மம் என்று கேட்பதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நலம்.

பிரிட்டிஷ் தீவுகளுக்குச் சொந்தமானது செவ்வணில். காதில் மயிர்க்குஞ்சமும், செம்பட்டை நிறமும், சுமார் முந்நூறு கிராம் எடையும் உள்ள சிறு பிராணி. இங்கிலீஷ் குழந்தைகளுக்கு அது எவ்வளவு பழக்கமானது என்பதற்கு, 1903-இல் பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மாள் எழுதிப் படமும் வரைந்த அணில் கதைப் புத்தகம் இன்றைக்கும் விற்பனையாவதே சாட்சி. சாம்பல் அணில் அப்படியல்ல. அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. செவ்வணிலைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு எடையுள்ளது. அட்லாண்டிக் சமுத்திரத்தை அது நீந்திக் கடந்து வரவில்லை என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழைத்து வந்தவர்கள் சீமான்கள்.

ஆதாரத்துடன் தெரிகிற முதல் சம்பவம் 1876-இல் நடந்தது. பிராக்கில்ஹர்ஸ்ட் என்ற செல்வர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடியைச் செஷயர் ஜில்லாவில் ஹென்பரி என்னும் இடத்தில் தம் தோட்டத்தில் விட்டார். பார்க்க அழகாயிருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. 1890-இல் நியூ ஜெர்ஸியிலிருந்து பத்து அணில்கள் வோபர்ன் மாளிகைக்கு வந்தன. அந்த மாளிகைக்கு உடையவராக விளங்கிய பெட்போர்டு பிரபுதான் இந்த நாடகத்தின் முக்கிய பாத்திரம். அவருடைய தோட்டத்தில் பெருகிய அணில்கள் லண்டன் ரீஜெண்ட் பூங்காவுக்கும், சிநேகிதர்களான மற்றப் பிரபுக்களின் தோட்டங்களுக்கும் வெகுமதியாகப் போயின. நம் ஊரில் கல்யாணத்துக்கு வெள்ளிக் கூஜா கொடுப்பது போல அங்கே அணில் கொடுத்தார்கள் போலிருக்கிறது. அயர்லாந்தில் 1911-இல் லாங்போர்டு ஜில்லாவிலுள்ள ஒரு கோட்டையில் நடந்த கல்யாணத்தின்போது கூடையிலிருந்து வெளியே குதித்த சில அணில்களின் வம்சந்தான் அந்தத் தீவில் பாதிக்குமேல் பரவிற்று என்கிறார்கள். 2016-இல் லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அணில்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, அவை தாமாகப் பரவியதைவிட மனிதர்கள் தூக்கிக்கொண்டு போய் விட்டதுதான் அதிகம் என்று கண்டார்கள்.

இதே பெட்போர்டு பிரபு, சீன தேசத்தில் அழிந்துபோகும் நிலைமையிலிருந்த ஒரு மான் ஜாதியின் கடைசிப் பிராணிகளை ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளிலிருந்து சேகரித்து வளர்த்து, அந்த இனத்தைப் பூண்டற்றுப் போகாமல் காத்தவர். இன்று உலகத்திலிருக்கும் அந்த மான்களெல்லாம் வோபர்ன் மந்தையின் சந்ததி. ஆகையால் மனிதரைப் பொல்லாதவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு ஜீவனைக் காத்த கை இன்னொரு ஜீவனின் நாசத்துக்கு வித்திட்டது.

நாசம் என்று சொல்லுவது மிகையா? கணக்கைப் பார்க்கலாம். பிரிட்டனிலுள்ள பாலூட்டிகளைப் பற்றி 2018-இல் வெளியான மதிப்பின்படி சாம்பல் அணில்கள் சுமார் 27 லட்சம். செவ்வணில்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. அவற்றிலும் மிகப் பெரும்பான்மை ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தில் வடகோடி ஜில்லாக்களிலும், வைட் தீவு, பிரௌன்ஸீ தீவு முதலிய கடல் சூழ்ந்த சில இடங்களிலும் தவிர, மற்ற இடங்களில் செவ்வணிலைப் படத்தில்தான் பார்க்கவேண்டும்.

சாம்பல் அணில் செவ்வணிலைக் கடித்துக் கொல்லுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது செய்வது இன்னும் சாதுவான, ஆனால் இன்னும் பயங்கரமான காரியம். ஓக் மரத்துக் கொட்டைகள் நன்றாகப் பழுப்பதற்கு முன்பே அதற்குச் செரிக்கும். செவ்வணிலுக்கு அவ்வளவாகச் செரிக்காது. ஆகவே பின்னவர் பந்திக்கு வருவதற்குள் முன்னவர் இலையை வழித்துவிடுகிறார். செவ்வணில் புதைத்து வைத்த கொட்டைகளையும் தோண்டித் தின்றுவிடுகிறார். பனிக்காலம் முடியும்போது செவ்வணில் தாய்க்கு உடம்பில் வலுவில்லை. குட்டிகள் பிறப்பது குறைகிறது. சில வருஷங்களில் அந்தக் காட்டில் செவ்வணில் இல்லை. சண்டையும் இல்லை, ரத்தமும் இல்லை.

இதற்கு மேல் வியாதி ஒன்று. அணில் அம்மை என்று சொல்லத்தக்க ஒரு வைரஸைச் சாம்பல் அணில்கள் உடம்பில் சுமந்து திரிகின்றன. அவற்றுக்கு அதனால் ஒரு தலைவலியும் கிடையாது. செவ்வணிலுக்குத் தொற்றினாலோ, கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் விரல்களிலும் புண் கண்டு, கண் மூடி, தின்ன முடியாமல், இரண்டு வாரத்துக்குள் உயிர் போய்விடுகிறது. இந்த வியாதி புகுந்த காடுகளில் செவ்வணில்கள் மறையும் வேகம் பல மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். சுடுகிறவர்களைக் கண்டிக்க விரும்புகிறவர்கள், புண்ணால் கண் தெரியாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு செவ்வணிலின் படத்தையும் ஒரு முறை பார்ப்பது நியாயம்.

மூன்றாவது குற்றம் மரங்களைப் பற்றியது. வைகாசி, ஆனி மாதங்களை ஒட்டிய காலத்தில் சாம்பல் அணில்கள் பத்து முதல் நாற்பது வயதுள்ள மரங்களின் பட்டையை உரித்து, உள்ளேயிருக்கும் இனிப்பான சாறுள்ள பாகத்தை நக்குகின்றன. பீச், ஓக், ஸிகமூர் மரங்களென்றால் கொண்டாட்டம். சாற்றுக்காகவா, சுண்ணாம்புச் சத்துக்காகவா, வாலிப அணில்களின் முரட்டுத்தனமா என்று பண்டிதர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் எதுவானாலும், தண்டைச் சுற்றிப் பட்டை போய்விட்டால் அதற்கு மேலே உள்ள மரம் செத்துப்போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதனால் வருஷத்துக்கு 3 கோடியே 70 லட்சம் பவுன் நஷ்டம் என்று ராயல் வனச் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இருபது வருஷம் வளர்த்த மரத்தை இழப்பதைவிட நடாமல் இருப்பது மேல் என்று நிலத்துக்காரர்கள் பலர் பீச்சையும் ஓக்கையும் கைவிட்டு ஊசியிலை மரங்களை வைக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து வருகிறவர்கள் எந்த நிழலில் உட்காருவார்கள் என்பதை இந்தச் சிறு பற்கள் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு வார்த்தை. "சாம்பல் நிற அணில்" என்றதும் நேயர்களில் சிலருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாரலில் உள்ள சரணாலயம் ஞாபகத்துக்கு வரலாம். அது வேறு, இது வேறு. அங்கே இருப்பது பூனையளவு பெரிய நம்முடைய மலை அணில். அருகிப்போய்விட்ட அதைப் பாதுகாப்பதற்காகவே 1988-இல் அந்தச் சரணாலயம் ஏற்பட்டது. பெயர் ஒற்றுமையை வைத்து அந்தப் பரம சாதுவின்மேல் யாரும் பழி போட்டுவிட வேண்டாம். அதே சமயத்தில், நம் அணில்கள் அயல்நாடு போனால் யோக்கியமாக இருக்கும் என்று மார்தட்டுவதற்கும் இல்லை. வட இந்தியாவின் ஐந்து கோட்டு அணில் 1898-இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மிருகக்காட்சி சாலையிலிருந்து வெளியேறி, அங்கே குடியும் குடித்தனமுமாகிவிட்டது. எந்தத் தேசத்துப் பிராணி என்பதில் தோஷமில்லை. இடம் மாறியதில்தான் தோஷம். 1930-ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலீஷ் பத்திரிகைகள் "அமெரிக்க எலி" என்று திட்டியதைப் படிக்கும்போது, கோபம் அணிலின்மேலா அமெரிக்காவின்மேலா என்ற சந்தேகம் நமக்கு உண்டாகத்தான் செய்கிறது.

நிற்க. ஆபத்தை உணர்ந்ததும் சர்க்கார் என்ன செய்தது? 1937-இல் ஒரு உத்தரவு பிறப்பித்தது. அனுமதியில்லாமல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்யக்கூடாது, வளர்க்கக்கூடாது, தன் நிலத்தில் கண்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பொழுது அவை ஏற்கெனவே பல ஜில்லாக்களில் நிரம்பியிருந்தன. காணும் அணிலுக்கெல்லாம் கடிதம் எழுதுவதென்றால் குடியானவன் உழுவது எப்போது? இந்த விநோதமான ஷரத்து 2014 வரையில் சட்டப் புஸ்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

பிறகு 1953-இல் வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று விலை வைத்தார்கள். சில வருஷத்தில் அது இரண்டு ஷில்லிங்காக உயர்ந்தது. ஜனங்கள் உற்சாகமாகச் சுட்டார்கள். 1958-இல் திட்டத்தை நிறுத்தும்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வால்களுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. அணில்கள் குறைந்தனவா என்றால் குறையவில்லை!

இது ஏன் என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தால், மிருகங்களைப் பற்றியதைவிட மனிதர்களைப் பற்றிய சங்கதி அதிகம் தெரியவரும். வாலுக்குக் காசு என்றால், வேட்டைக்காரன் அணில் அதிகமுள்ள இடத்துக்குத்தான் போவான். அங்கே நூறு கிடைக்கிறபோது, இரண்டு மூன்று மட்டும் மிச்சமுள்ள காட்டில் நாள் முழுவதும் காத்துக் கிடக்க அவனுக்கு என்ன பைத்தியமா? ஆனால் அந்த இரண்டு மூன்றைத் தீர்ப்பதில்தான் காரியம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு ஈற்றுப் போடுகிற பிராணி. ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டி. காலியான இடத்தைப் பக்கத்துக் காட்டு அணில்கள் சில வாரங்களில் வந்து நிரப்பிவிடும். மேலும், எல்லா அணிலும் செத்துவிட்டால் வேட்டைக்காரனின் வரும்படியும் கூடவே செத்துவிடும் அல்லவா?

இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்றையும் அதே தேசத்தில் பின்னால் செய்து பார்த்தார்கள். தோலுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த காய்பு என்ற பெரிய நீர் எலி, பண்ணைகளிலிருந்து தப்பிக் கிழக்கு ஜில்லாக்களின் வாய்க்கால் கரைகளைக் குடைந்து நாசம் செய்துகொண்டிருந்தது. 1981-இல் பொறி வைக்கும் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, "பத்து வருஷத்துக்குள் இந்தப் பிராணியை அடியோடு ஒழித்துவிட்டால் பெரிய வெகுமதி உண்டு, சீக்கிரம் முடித்தால் அதிகம், தாமதித்தால் குறைவு" என்று சொன்னார்கள். பிடித்த எலிக்குக் காசில்லை. எலி இல்லாமற் போவதற்குத்தான் காசு. 1989 தொடக்கத்தில் ஒரு காய்புகூட மிச்சமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். வாலுக்கு விலை வைத்தவர்களுக்கு இந்த யோசனை முப்பது வருஷம் முன்னால் தோன்றியிருந்தால்!

இப்போது காரியம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லுகிறேன். மனத்துக்கு ரஸமான விஷயமல்ல. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது.

துப்பாக்கி வேட்டை பெரும்பாலும் இலையுதிர்ந்த மரங்கள் மொட்டையாக நிற்கும் பின்பனிக் காலத்தில் நடக்கிறது. அணில் கூடுகள் அப்பொழுதுதான் வானத்துக்கு எதிரே கறுப்பு உருண்டைகளாகத் தெரியும். ஒருவர் நீண்ட கழிகளை ஒன்றோடொன்று பொருத்திக் கூட்டைக் குத்திக் கலைப்பார். அணில் வெளியே பாயும். கீழே நிற்கிறவர்கள் சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியால் சுடுவார்கள். கூட்டுக்குள்ளேயே சுடக்கூடாது என்பது இந்த வேலையில் முதல் விதி. உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? செவ்வணிலாக இருக்கலாம். சாம்பல் அணிலே ஆனாலும் காயம் பட்டுக் கூட்டுக்குள் கிடந்து பல மணி நேரம் துடிக்கலாம். இன்னொரு முறை, ஒரு தட்டில் மக்காச்சோளம் வைத்துப் பழக்கி, மறைவிடத்திலிருந்து காற்றுத் துப்பாக்கியால் தலையைக் குறி பார்த்துச் சுடுவது. இதற்கு இருபது முப்பது கஜ தூரத்துக்குள் குறி தவறாத கை வேண்டும். குறி தவறுகிறவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. வீட்டுத் தோட்டத்தில் சுடுகிறவர், குண்டு தம் வேலிக்கு அப்பால் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் அது குற்றம். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து காற்றுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டியிருக்கிறது.

உண்மையில் அதிக வேலை செய்வது துப்பாக்கியல்ல, கம்பிக் கூண்டுதான். நம் வீட்டு எலிப்பொறியின் பெரிய தமையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மிதிபலகை. மிதித்தால் கதவு விழும். முதலில் சில நாள் கதவைக் கட்டிவைத்து, மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் தாராளமாகப் போட்டு, அணில்களுக்கு நம்பிக்கை உண்டாக்க வேண்டும். பிறகுதான் கட்டை அவிழ்க்கிறது. (விருந்து வைத்துப் பிடிக்கும் இந்த உபாயம் அரசியலிலும் வழங்கி வருவது நேயர்களுக்குத் தெரியாததல்ல.) மழையிலும் வெயிலிலும் பிராணி வாடாதபடி கூண்டைக் கோணியாலோ இலைகளாலோ மூடி நிழலில் வைக்கவேண்டும். நாளைக்கு ஒரு தடவையாவது பார்த்தே ஆகவேண்டும்; இரு தடவை பார்ப்பதே நன்று. பட்டை உரிக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் தொடங்கி அது முடியும்வரை இதைச் செய்தால் மரங்கள் தப்புகின்றன. மற்றக் காலங்களில் நூறு பிடித்தாலும் அவ்வளவு பிரயோஜனமில்லை.

கூண்டின் பெரிய உயர்வு, தவறைத் திருத்த இடம் கொடுப்பதுதான். உள்ளே அகப்பட்டது செவ்வணிலானால் கதவைத் திறந்துவிடலாம். கழுத்தை நெரித்து உடனே கொல்லும் விசைப்பொறிகளும் உண்டு; சர்க்கார் பரிசோதித்து அங்கீகரித்த வகைகளைத்தான் வைக்கலாம். ஆனால் செவ்வணில் உலாவும் காட்டில் அவற்றை வைப்பது விவேகமல்ல. விசைக்குக் கண் இல்லை. 1973 முதல் வார்பரின் என்ற எலி விஷத்தைக்கூடச் சாம்பல் அணிலுக்கு வைக்க அனுமதித்திருந்தார்கள். உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சில நாட்களில் சாகும் சாவு அது. 2015-க்குள் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதற்காக வருத்தப்படுவதற்கு ஒன்றுமில்லை.

கூண்டில் அகப்பட்ட சாம்பல் அணிலை என்ன செய்வது? அங்கேதான் தோட்டக்காரர்கள் பலர் தடுமாறுகிறார்கள். "பாவம், தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்று நம்மைப் போல அவர்களுக்கும் தோன்றும். சட்டம் அதைத் தடுக்கிறது. பிடித்த சாம்பல் அணிலைத் திரும்ப விடுவது குற்றம். பிடித்தவர் கொல்லத்தான் வேண்டும். அதுவும் வதையில்லாமல் கொல்லவேண்டும். கூண்டிலிருந்து கோணிப்பைக்குள் ஓடவிட்டுத் தலையில் ஒரே அடி, அல்லது தலையில் குண்டு. தண்ணீர்த் தொட்டியில் கூண்டோடு அமிழ்த்துவது கூடாது. 2010-இல் அப்படி அமிழ்த்திய ஒருவரை, மிருகங்களுக்குத் துன்பம் விளைவித்ததாக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர் கோர்ட்டுச் செலவாக ஆயிரத்தைந்நூறு பவுனுக்கு மேல் கட்டவேண்டி வந்தது. கொல்லலாம், ஆனால் துன்புறுத்தக் கூடாது! இது வேடிக்கையான நியாயம் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. சாவு எல்லா ஜீவனுக்கும் ஒரு கணம். மூச்சுத் திணறி இரண்டு நிமிஷம் போராடுவது வேறு விஷயம்.

இதையெல்லாம்விடக் கடினமான கேள்வி குட்டிகளைப் பற்றியது. மாசி, பங்குனியை ஒட்டியும், பிறகு ஆனி, ஆடியை ஒட்டியும் கூடுகளில் கண் திறவாத குட்டிகள் இருக்கும். பட்டை உரிக்கும் பருவமும் பொறி வைக்கும் பருவமும் ஏறக்குறைய அதே காலம். தாய் பொறியில் அகப்பட்டால் கூட்டிலுள்ளவை பட்டினி கிடந்து சாகும். இதற்கு மருந்து ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. செவ்வணிலுக்காகப் பாடுபடுகிறவர்களில் நேர்மையானவர்கள் இதை மறைப்பதுமில்லை. எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்களில் இதுதான் கனமானது என்று நான் கருதுகிறேன். ஆனால் அம்மை கண்டு செத்த செவ்வணில் தாய்க்கும் கூட்டில் குட்டிகள் உண்டு என்பதை அவர்களும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வீட்டுத் தோட்டத்தோடு நிற்கிறவர்களுக்குத் துப்பாக்கியும் பொறியும் பெரும்பாலும் வேண்டியதே இல்லை. செவ்வணில் இல்லாத பட்டணத்தில் ஒரு தோட்டத்தில் பத்து அணிலைக் கொன்றால் அடுத்த வாரம் வேறு பத்து வரும். பறவைகளுக்கு வைத்த தீனியை அணில் தின்னாமலிருக்கக் கம்பிக்கூடு சூழ்ந்த தட்டு போதும். விதையில் மிளகாய்ப்பொடி கலந்து வைப்பதும் உண்டு. பறவைகளின் நாக்குக்கு மிளகாயின் காரம் தெரியாது. அணிலின் நாக்குக்கு நன்றாகத் தெரியும். நம் நாட்டுக் கிளிகள் கொல்லையில் மிளகாய்ப் பழத்தைக் கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. வீட்டுக் கூரைக்குள் புகுந்து மின்சாரக் கம்பியைக் கடித்தால், உள்ளே குட்டியில்லை என்று தெரிந்துகொண்டபின் துவாரத்தை வலுவான வலையால் அடைத்துவிடலாம்.

செவ்வணிலின் பக்தர்கள் மறந்துபோக விரும்பும் ஒரு பழைய சங்கதியும் இருக்கிறது. 1903-இல் ஸ்காட்லாந்தின் வடபகுதி நிலச்சுவான்தார்கள் அணில் சங்கம் ஒன்று ஏற்படுத்தினார்கள். காப்பாற்றுவதற்கு அல்ல, செவ்வணிலைக் கொல்வதற்கு! பைன் மரங்களைக் கெடுக்கிறது என்று வாலுக்கு விலை வைத்து, நாற்பது வருஷ காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் செவ்வணில்களைத் தீர்த்தார்கள். அன்று கொள்ளைக்காரன் என்று பெயர் வாங்கிய பிராணி இன்று தேசத்தின் செல்லப்பிள்ளை. இதைச் சொல்லிச் சாம்பல் அணிலை விட்டுவிடலாம் என்று நான் வாதாடவில்லை. எந்தப் பிராணியைக் கொல்லப் புறப்படுகிறவர்களும் பெருமிதத்தோடு புறப்படலாகாது என்பதற்காகச் சொன்னேன்.

கொல்லவே கூடாது என்று இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இத்தாலி தேசம் காட்டியது. 1948-இல் டூரின் நகருக்கு அருகே ஸ்டுபினிஜியில் இரண்டு ஜோடி சாம்பல் அணில்களை விட்டார்கள். வெகு காலம் அவை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தன. 1997-இல் தேசிய வனவிலங்கு ஸ்தாபனத்தார், இன்னும் சிறிய அளவிலிருக்கும்போதே ஒழித்துவிடலாமென்று எண்ணி ராக்கோனிஜியில் பரீட்சை தொடங்கினார்கள். பொறியில் பிடித்து மயக்க மருந்து கொடுத்தே கொன்றார்கள். ஜீவகாருண்யச் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின, வேலை நின்றது, அதிகாரிகள்மேல் வழக்கு நடந்தது. 2000-இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் அணில்கள் ஒருவராலும் தடுக்க முடியாத தூரம் போய்விட்டன. அங்கே அம்மை வியாதி இல்லை. இருந்தும் அவை பரவிய இடங்களிலெல்லாம் செவ்வணில் மறைந்துவருகிறது. ஐரோப்பாக் கண்டத்தின் மற்றக் காடுகளுக்கும் அது போய்ச் சேருமோ என்று பண்டிதர்கள் கவலைப்படுகிறார்கள். சில நூறு உயிரைக் கொல்ல மனம் வராமல் நின்ற கருணையின் விலை இது. அந்தச் சங்கத்தார் கெட்டவர்களல்லர். கண்ணுக்குத் தெரிந்த அணிலைப் பார்த்தார்கள், தெரியாத அணிலைப் பார்க்கவில்லை.

துப்பாக்கி இல்லாமல் இயற்கையே ஒரு வழி காட்டும் போலவும் இருக்கிறது. பைன் மார்ட்டென் என்று ஒரு பிராணி. நீண்ட உடலும், மென்மயிர் வாலும், கழுத்தில் வெளிறிய மஞ்சள் திட்டும் உள்ளது. நம் நீலகிரிக் காடுகளில் அருமையாகத் தென்படும் நீலகிரி மார்ட்டெனுக்கு உறவு. தோலுக்காகவும், வேட்டைப் பறவைகளைத் தின்கிறது என்பதற்காகவும் அதை முன்பு ஏறக்குறைய ஒழித்துவிட்டிருந்தார்கள். சட்டப் பாதுகாப்பு வந்தபின் அயர்லாந்தின் நடுப்பகுதியில் அது பெருகிற்று. பெருகிய இடங்களில் சாம்பல் அணில்கள் அடியோடு குறைந்து, செவ்வணில்கள் திரும்பி வந்தன என்று 2014-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஸ்காட்லாந்திலும் அப்படியே கண்டார்கள். செவ்வணிலுக்குத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பகைவனின் வாசனை தெரியும். சாம்பல் அணிலுக்குத் தெரியாது. 2015 முதல் ஸ்காட்லாந்திலிருந்து ஐம்பதுக்குமேல் மார்ட்டென்களைக் கொண்டுபோய் வேல்ஸ் காடுகளில் விட்டார்கள். ஆனால் அது பட்டணத்துப் பூங்காக்களை எட்டிப் பார்ப்பதில்லை. ஆதலால் பட்டணத்து அணில்களுக்காகக் கருத்தடை மருந்து கலந்த தீனியைப் பல வருஷமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். செவ்வணிலின் எடைக்குத் திறக்காமல், கனத்த சாம்பல் அணில் தள்ளினால் மட்டும் திறக்கும் கதவு வைத்த தீனிப் பெட்டியையும் செய்திருக்கிறார்கள். உடம்பு பெருத்ததே ஆபத்தாக முடியும் என்பதை அந்த அணில் எங்கே கண்டது!

பொறியும் பொறுமையும் ஒரு தீவில் சாதித்ததைச் சொல்லி முடிக்கிறேன். வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்ஸீ என்று எழுநூறு சதுர கிலோமீட்டர் உள்ள ஒரு தீவு. 1998-இல் அங்கே மிச்சமிருந்த செவ்வணில்கள் சுமார் நாற்பது. எல்லாம் ஒரே காட்டில். வேல்ஸ் மலைநாட்டின் பாதுகாப்புக்காக வாழ்நாளெல்லாம் போராடிய எஸ்மி கர்பி என்ற மூதாட்டி, எண்பது வயதுக்குப் பிறகு அந்த நாற்பதையும் காப்பாற்றுவதென்று முனைந்து காரியத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த வருஷமே அவர் காலமானார். வேலை நிற்கவில்லை. காடு காடாக, தோப்புத் தோப்பாக, கம்பிக் கூண்டுகளை வைத்துத் தினந்தோறும் பார்த்து, பதினைந்து வருஷம் நடத்தினார்கள். வீட்டுக்காரர்கள் பலர் தங்கள் தோட்டங்களில் கூண்டு வைக்க இடம் கொடுத்தார்கள். சாம்பல் அணில்கள் குறையக் குறைய, எஞ்சியவற்றில் அம்மையின் அறிகுறியும் குறைந்ததைக் கண்டார்கள். தொற்றிக்கொள்ளத் துணையில்லாமல் வியாதியே நலிந்துவிட்டது. 2013-க்குள் தீவில் சாம்பல் அணில் இல்லையென்று ஆயிற்று. செவ்வணில்கள் இப்போது எழுநூறுக்கு மேல் இருக்கின்றன.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே மெனாய் ஜலசந்தி. அதன் குறுக்கே 1826-இல் டெல்போர்டு கட்டிய தொங்கு பாலமும், பிறகு கட்டிய பிரிட்டானியா பாலமும் இருக்கின்றன. எப்போதாவது ஒரு சாம்பல் அணில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. ஆகையால் கரையோரத்துத் தோப்புகளில் கூண்டுகள் இன்னமும் இருக்கின்றன. தீவு வாசிகள் தினம் காலையில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.